பக்கத்தை எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் சுகம். அங்கு நீங்கள், என் மகள், பேத்தி மூவரும் சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. ஆனால் உங்களில் யாருக்குச் சளி, யாருக்குத் தூக்கம் போதவில்லை, பேத்திக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது வரை உங்கள் மாமியார் தினமும் போனில் கேட்டு எனக்கு ஒப்பித்துவிடுவதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் வாயெடுத்தால் "சரிங்க மாமா, பார்த்துக்கலாம் மாமா" என்று இரண்டே வாக்கியத்தில் முடித்து போனை என் மகள் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் கைமாற்ற முடியாது. குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டைப் பற்றி இணையத்தில் நீங்கள் போட்டிருக்கும் அந்தப் பக்கத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மாடி அறை உங்களுக்காகக் கட்டியது என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணம் முடிந்து முதல் தடவை நீங்கள் இங்கு வந்தபோது சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துபோய் மின்விசிறிக்கு நேர்கீழே நகராமல் நின்றீர்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் உங்கள் மாமியார் அடுத்த மாதமே அந்த அறையில் ஏசி வைக்கச் சொன்னார். நீங்கள் மூவரும் கடைசியாக அந்த அறையில் தங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு மூன்று தடவை வருவதாகச் சொன்னீர்கள், மூன்று தடவையும் ஆபீஸில் ஏதோ தலைக்குமேல் வந்துவிட்டது. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசவில்லை. மூன்றாவது தடவை பயணத்தை ரத்து செய்த அன்றுதான் நீங்கள் போனில், "மாமா, மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? இப்ப டவுன்காரங்க எல்லாம் கிராமத்துல தங்கிப் பார்க்கணும்னு அலையறாங்க. டூரிஸ்டுக்கு விட்டா உங்களுக்கும் பொழுது போகும்" என்றீர்கள். நான் சரி என்றேன். உங்கள் மாமியார் மட்டும், "ரூம் சும்மா கிடக்கலை, காத்துக்கிட்டுக் கிடக்கு" என்றார். அதை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

நீங்கள் எழுதிய வாசகங்களை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு தடவை படித்தேன். அழகான நடை. ஆனால் எந்த வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை. "பசுவின் பாலை நீங்களே கறக்கலாம்" என்று இருக்கிறது. எங்களிடம் பசு கிடையாது. பால் பாக்கெட்டில் வருகிறது, கத்தரிக்கோலால் கறக்கிறோம். பிறகு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. கடைசியாக நீங்கள் இருந்த நாளில் வீட்டை வாசலிலிருந்து எடுத்தீர்களே, அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பால்காரரின் மாடு எங்கள் வேலியோரம் எதையோ மேய வந்திருக்கிறது. அது தன் பாட்டுக்கு வந்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போயிற்று. நீங்கள் அதை எங்கள் பேரில் எழுதிவைத்துவிட்டீர்கள். அதே போல "விறகடுப்பில் சமையல்" என்கிறீர்கள். அந்த அடுப்பில் இருமி இருமி உங்கள் மாமியார் பாதி ஆளாகிப்போய், பதினோரு வருடத்துக்கு முன் கேஸ் அடுப்பு வந்த அன்று பழைய அடுப்பைக் கடப்பாரையால் தன் கையாலேயே இடித்தார். "சேவல் கூவும் ஓசையில் கண் விழிக்கலாம்" என்பது அடுத்தது. எங்களிடம் சேவலும் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. இருவருக்கும் சேர்த்து சக்கரம் வைத்த பெட்டி மூன்று. இரண்டு நாள் தங்குவதற்கு மூன்று பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை, கணக்கு வாத்தியார் அல்லவா, மனதுக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டேன். பெட்டிக்காரத் தம்பதி என்றே நாங்கள் இன்றுவரை அவர்களைச் சொல்லிக்கொள்கிறோம். தண்ணீர் கூடக் குடிக்காமல் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, "மாடு எங்கங்க?" உங்கள் மாமியார் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். "மேய்ச்சலுக்குப் போயிருக்கு, காலையில வந்துடும்" என்று பதற்றமே இல்லாமல் சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் பால்காரர் வீட்டுக்கு ஓடினார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் உங்கள் மாமியார் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இதற்கு முன் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாமல் சொன்னதாக இருக்கலாம்.

பால்காரர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். மனிதர் நல்லவர் என்று நினைத்தேன். காலை ஏழு மணிக்கு அவர் ஓட்டிவந்து கட்டிய மாட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு நாளாகக் கழுவாமல் கிடந்ததை, வால்நுனி வரை சேறாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். பெட்டிக்காரர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். அந்த அம்மாள் அதை வீடியோ எடுத்தார். பால்காரர் எங்கள் வேலிப்பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "காதுக்குப் பின்னாடி விட்டுட்டீங்க பாருங்க" என்று எடுத்துக்கொடுத்தார். பாலை அவர் ஐந்தரைக்கே கறந்துவிட்டுத்தான் ஓட்டிவந்திருக்கிறார். அரை மணி நேரம் போராடி இவர்களுக்குக் கிடைத்தது கால் டம்ளர். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கண் கலங்கினார்கள். அன்றிலிருந்து மாடு ஆபீஸ் போவது போல் ஏழு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குத் திரும்புகிறது. பால்காரரின் தொழுவத்தைக் கூட்டுவதும் இப்போது எங்கள் விருந்தாளிகள்தான். "கிராம அனுபவம்னா எல்லாமேதாங்க இருக்கணும்" என்கிறார் அவர்.

அன்று மதியம் "களை எடுக்கலாம்" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பதி இருவரும் தோட்டத்தில் இறங்கினார்கள். நான் நல்ல நேரம் பார்த்துக் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால் உங்கள் மாமியார் மூன்று வாரமாகப் பிள்ளை போல் வளர்த்த கத்தரி நாற்று நாற்பதும் வேரோடு வெளியே கிடக்கின்றன. களையெல்லாம் நிம்மதியாக வரிசையில் நிற்கிறது, அதற்குத் தண்ணீர் வேறு விட்டிருக்கிறார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் உங்கள் மாமியார் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "அடடா, எவ்வளவு சுத்தமா செஞ்சிருக்கீங்க!" என்றார். நாற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனவர் அடுக்களையில் கொஞ்ச நேரம் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார். ஏசியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கிராமத்துக்கு வந்து எதுக்கு ஏசி, எடுத்துடலாமே" என்றார் பெட்டிக்காரர். "அது மாப்பிள்ளையோடது" என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான இடம். அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் அந்தப் பக்கத்தை நடத்துகிற இணையக் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. விருந்தாளி எப்படி நடந்துகொண்டார், ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஆஹா, நம் தொழில் நம்மைத் தேடி வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். உட்கார்ந்து யோசித்தேன். பெட்டிச் சக்கரம் புதுத்தரையில் கோடு போட்டதற்கு அரை. வாசல் கேட்டைச் சாத்தாமல் போனதற்கு அரை. கத்தரி நாற்றுக்கு ஒன்று. மாட்டை ஒழுங்காகத் தேய்த்தார்கள், அதில் குறைக்க இடமில்லை. ஆக ஐந்துக்கு மூன்று. நூற்றுக்கு அறுபது, முதல் வகுப்பு. முதல் தடவை எழுதுகிறவர்களுக்கு இதுவே தாராளம் என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். உங்களுக்குத்தான் தெரியுமே, முப்பத்து மூன்று வருடத்தில் நான் யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. உங்கள் வீட்டம்மா என் வகுப்பில் இருந்தபோது எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டும் விடைக்கு அடிக்கோடு இழுக்காததற்காக இரண்டு குறைத்தேன். அதற்காக அவள் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை, இருந்தாலும் இன்றுவரை எங்கே கையெழுத்துப் போட்டாலும் அடியில் கோடு இழுக்கிறாள்.

இரண்டு நாளில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டது. குரலே நடுங்கியது. "சார், உங்க வீட்டுல ஏதாவது திருட்டு நடந்துச்சா? ஏதாவது உடைச்சிட்டாங்களா? போலீஸுக்குச் சொல்லணுமா?"

"எதுக்கும்மா போலீஸ்? நல்ல மனுஷங்க. முதல் வகுப்பு போட்டிருக்கேனே" என்றேன்.

"சார், மூணுன்னா ரொம்ப மோசம்னு அர்த்தம். எல்லாரும் அஞ்சுதான் போடுவாங்க."

"எல்லாருக்கும் அஞ்சுன்னா அப்புறம் எதுக்கும்மா பரீட்சை?"

அந்தப் பெண் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனை வைத்தது. நானும் விட்டுவிட்டேன். பெட்டிக்காரத் தம்பதி எங்களுக்கு ஐந்து போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. திருத்தத் தெரியாதவர்கள், வேறென்ன சொல்ல.

அடுத்து வந்தவர் ஒரு தனி ஆள். முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார்: ஐந்து நாள் மௌனமாக இருக்கப் போவதாகவும், யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்றும். உங்கள் மாமியார் என்னையும் செருப்புச் சத்தம் வராமல் நடக்கச் சொன்னார். முதல் நாள் காலை மௌனக்காரர் படியிறங்கி வந்து முதல் வார்த்தை பேசினார்: "என்னங்க அந்தச் சேவல்! என்ன கம்பீரம்! செல்போன்ல வர்ற மாதிரியே கூவுதே!" அது செல்போனில் வந்ததுதான். பால்காரர் மாடு கறக்க எழுந்திருப்பதற்காக வைத்திருக்கும் அலாரம். நான் உண்மையைச் சொல்லலாம் என்று இருமினேன், உங்கள் மாமியார் முறைத்தார். பேச ஆரம்பித்த மனிதர் அதோடு நிறுத்தவில்லை. ஐந்து நாளும் அடுக்களை வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு தன் ஆபீஸ் கதை முழுவதையும் உங்கள் மாமியாரிடம் சொன்னார். அவருடைய மேலதிகாரி எப்படிப்பட்ட ஆள், அவரை எந்த மீட்டிங்கில் என்ன சொல்லி மட்டம் தட்டினான் என்பதெல்லாம் இப்போது உங்கள் மாமியாருக்குத் தலைகீழ்ப் பாடம். "அந்த ஆளுக்கு நீங்க பதில் சொல்லாம விட்டது தப்பு தம்பி" என்று சாப்பாட்டுத் தட்டோடு ஆலோசனையும் பரிமாறினார். பதிலுக்கு மௌனக்காரர் அந்த இணையப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது, யார் எந்தத் தேதிக்கு வருகிறார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மௌனத்தைக் காப்பாற்றாததற்கு இரண்டு குறைத்து அவருக்கும் மூன்று போட்டேன்.

அவர் கிளம்பிப் போன அதே வாரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பார்த்தால் பெட்டிக்காரத் தம்பதி. பெட்டி ஒன்றுகூட இல்லை. பெட்டிக்காரர் உட்காரக்கூட இல்லை. "ஐயா, எங்க வாழ்க்கையில யாரும் எங்களுக்கு மூணு போட்டதில்லை. நாங்க என்ன தப்பு பண்ணோம், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அந்த அம்மாளுக்கு உதடு துடித்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடைத்தாளைக் காட்டச் சொன்னால் காட்டத்தானே வேண்டும்? சக்கரக் கோட்டைக் காட்டினேன். கேட்டைக் காட்டினேன். தோட்டத்துக்குக் கூட்டிப்போய் எது கத்தரி, எது களை என்று காட்டினேன். அங்கேதான் அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப அன்னைக்கு அம்மா நல்லா இருக்குன்னு சொன்னாங்களே?" என்று அந்த அம்மாள் கேட்டார். "அது வேற மார்க்கு" என்றார் உங்கள் மாமியார்.

பெட்டிக்காரர் குனிந்து ஒரு களையைப் பிடுங்கிப் போட்டார். பிறகு, "மறுபடி எழுதலாமா ஐயா?" என்றார். மாப்பிள்ளை, என் பணிக்காலம் முழுவதும் ஒரு மாணவனாவது இப்படித் தானாக வந்து கேட்க மாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன். இரண்டு நாள் தங்கினார்கள். புது நாற்று வாங்கிவந்து நட்டார்கள், அரையடி இடைவெளிக்கு அளவுகோல் வைத்தார்கள். கேட்டைச் சாத்தினார்கள், சாத்தியதை வந்து சொன்னார்கள். தொழுவத்தையும் கூட்டினார்கள், பால்காரருக்கு ஒரே கொண்டாட்டம். கடைசியில் நான் கூட்டிப் பார்த்தேன், மூன்றரை வந்தது. அந்த இயந்திரத்தில் அரை நட்சத்திரம் இல்லை. மூன்றை அழுத்தப் போன நேரத்தில் உங்கள் மாமியார் கரண்டியோடு வந்து நின்று, "நாலைப் போட்டுத் தொலைங்க, இல்லைன்னா இன்னைக்குச் சாப்பாடு நீங்களே வச்சுக்கோங்க" என்றார். போட்டேன். என் சரித்திரத்தில் நெருக்கடிக்குப் பணிந்து மதிப்பெண் போட்டது அது ஒன்றுதான்.

அவர்கள் சும்மா போயிருக்கலாம். போய் அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள்: "இந்த வீட்டுக்காரர் லேசில் மார்க் போட மாட்டார். நாங்கள் இரண்டாவது தடவை எழுதித்தான் நான்கு வாங்கினோம். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் அனுபவித்ததில்லை." அவ்வளவுதான், ஊர்ப்பட்ட ஜனம் கிளம்பிவிட்டது. கம்பெனி முதலாளிகள், டாக்டர்கள், தங்களுக்குக் கீழே நூறு பேர் வேலை செய்கிறவர்கள் எல்லாம் இங்கே வந்து மாட்டுச்சாணத்தைக் கூடையில் அள்ளிவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். ஒரு பெரிய டாக்டர் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இதைக் கணக்குல எடுத்துப்பீங்கல்ல?" என்று கேட்டார். யாருக்கும் இதுவரை ஐந்து கொடுக்கவில்லை. அதனாலேயே இன்னும் அதிகம் பேர் வருகிறார்கள். வீட்டில் நிம்மதி இல்லை. சொந்த வீட்டுக் குளியலறைக்கு வரிசையில் நிற்கிறேன். உங்கள் மாமியாருக்கு இடுப்பு வலி, ஓய்வே இல்லை, பார்க்கவே பாவமாக இருக்கிறது. வாசலில் கார் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன். "அப்பா, இவளுக்கு அடுத்த மாசம் ஸ்கூல் லீவு. இவருக்கும் லீவு கிடைச்சா ஒரு வாரம் அங்க வரலாம்னு பார்க்கறோம். முடிஞ்சா" என்றாள். "இரும்மா, பார்க்கறேன்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிப் பட்டியலைத் திறந்தேன். அந்த வாரம் முழுவதும் நிரம்பியிருந்தது. ஒரு நாள்கூடக் காலி இல்லை. இருந்ததைச் சொன்னேன்: "அந்த வாரம் ரூம் நிறைஞ்சிருக்கும்மா."

 "எங்களுக்கே இடமில்லையாப்பா?" என்று சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. "சரிப்பா, அப்ப அடுத்த லீவுல பார்க்கலாம்" என்று மூக்கை உறிஞ்சினாள். சளியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் குரலில் இருந்தது வருத்தமா, ஒரு வேலை குறைந்தது என்ற நிம்மதியா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆறு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருத்தம் என்று வைத்துக்கொண்டால் எனக்கு மனசு கேட்கவில்லை. நிம்மதி என்று வைத்துக்கொண்டால் அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் மாமியார் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. தங்க வந்திருக்கிறவர்கள் மூலமாகத்தான் எல்லாச் செய்தியும் வருகிறது. நேற்று முன்பின் தெரியாத ஒரு வக்கீல் வந்து, "ஐயா, உங்களை மாத்திரை போட்டுக்கச் சொன்னாங்க" என்கிறார். நான் மாத்திரை போட்டதை அவரே போய் அடுக்களையில் சாட்சி சொன்னார்.

ஆகவே மாப்பிள்ளை, பெற்ற மகளிடம் இடமில்லை என்று சொல்ல வைத்த அந்தப் பக்கம் எங்களுக்கு வேண்டாம். இந்த மாதம் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். மாடு இல்லை, சேவல் இல்லை, அடுப்பு இல்லை என்று உண்மையைப் போட்டாலும் சரி, வீட்டுக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று போட்டாலும் சரி. அறை பழையபடி பூட்டிக் கிடக்கட்டும். உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், உங்களை எதற்கும் நான் வற்புறுத்தவில்லை. லீவு கிடைப்பது, கிடைக்காதது உங்கள் கையில் இல்லை. பக்கத்தை எடுப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதை மட்டும்தான் கேட்கிறேன்.

ஆபீஸில் உங்களுக்கு மேன்மேலும் உயர்வு வரட்டும். அந்த உயர்வு உட்கார்ந்து சாப்பிட நேரம் தருவதாகவும் இருக்கட்டும். பேத்தி நன்றாகப் படிக்கட்டும், விடைக்கு அடிக்கோடு இழுக்கச் சொல்லவும். என் மகளிடம் அப்பா விசாரித்ததாகச் சொல்லவும். மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. கடிதத்தை ஒட்டாம மேஜை மேல வச்சிட்டுத் தபால்தலை வாங்கப் போயிருக்கார். நான் படிக்கணும்னுதான் வச்சிருக்கார்னு நினைச்சுப் படிச்சேன். எனக்கு இடுப்பு வலியெல்லாம் இல்லை. வலிச்சது முழங்கால், அதுவும் அந்தப் பெரிய டாக்டர் தங்க வர்றார்னு அலமாரியை நகர்த்தச் சொல்லி இவர் படுத்தினதால. கார் சத்தம் கேட்டா எரிச்சல்னு எழுதியிருக்காரே, காலையில சட்டை மாத்திக்கிட்டு கேட் பக்கத்துல போய் நிக்கிறது யாருன்னு பால்காரரைக் கேளுங்க. போறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் "மறுபடி எப்ப வருவீங்க?"ன்னு கேட்காம இவர் விடறதில்லை. உங்ககிட்ட கேட்கக் கூச்சம், அதனால ஊரார்கிட்ட கேட்டுப் பழகிக்கிறார். பக்கத்தை எடுத்துடாதீங்க. எடுத்தா இவர் யாருக்கு மார்க் போடுவார்? எனக்குத்தான் போடுவார்.

இன்னொண்ணு. இடமில்லைன்னு மகள்கிட்ட இவர் சொன்னதுக்காகத்தான் நான் ஆறு நாளா பேசலை. அந்த வாரத்துல யாரு அப்படி வர்றாங்க, அவங்க கால்ல விழுந்தாவது வேற தேதி கேட்கலாம்னு இப்பதான் பட்டியலைத் திறந்து பார்த்தேன். உண்மைதான், அந்த வாரம் நிறைஞ்சுதான் இருக்கு. தேதியைத் தொட்டா பேர் வருது. முதல்ல பேத்தி பேர், அப்புறம் மகள் பேர், அப்புறம் உங்க பேர். ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே, ஸ்கூல் லீவு தேதி தெரிஞ்ச அன்னைக்கே, வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு இவரே எழுதிப் பூட்டி வச்சிருக்கார். என்கிட்டகூடச் சொல்லலை. அவ போன்ல "முடிஞ்சா"ன்னு சொன்னா பாருங்க, அந்த வார்த்தையை மூணு தடவை கேட்டவர் இவர். நாலாவது தடவையும் நீங்க முடியலைன்னு சொல்றதுக்குள்ள இவர் முந்திக்கிட்டார்.

இவ்வளவு பக்கம் எழுதியிருக்கார், எழுத வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் எங்கேயும் எழுதலை. அதை நான் எழுதிடறேன். வாங்க.